சட்டையை முகர்ந்த மரகதம்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. குட்டிக்கு ஊசி போட்ட தொடை வீங்கியிருக்கிறது, தொட்டால் சூடு. ஊசிச் சூடா, காய்ச்சலா?

இவர் கம்பெனியிலேயே வேலை பார்க்கும் எதிர்வீட்டு லட்சுமியக்கா மாடிப்படியில் நின்று: "கம்பெனி பஸ்ல உங்க வீட்டுக்காரரு சிரிச்ச சிரிப்புல டிரைவரே திரும்பிப் பாத்தாரும்மா. பக்கத்துல யாரு, புதுப் பொண்ணு?"

இவர் வேலையிலிருந்து வந்ததும் கேட்டேன். "குவாலிட்டி செக்‌ஷன்ல சுதா. எப்பப் பாத்தாலும் கதைப் புக்குதான். எனக்கும் ஒண்ணு குடுத்தா."

பைக்குள் தடி நாவல். பேப்பரில் ராசிபலன் தாண்டிப் படிக்காதவர் இவர்!

அதுவும் யார் எழுதியது! அந்த மீசைக்கார எழுத்தாளர். பன்னிரண்டாவதில் இதே கதையைச் சுருக்கித் துணைப்பாடமாக வைத்து என் உயிரை எடுத்தார்கள். "மரகதம் பொறுமையின் உருவம் - விளக்குக." விளக்கித் தள்ளினேன். அன்றோடு இந்த ஆளுக்குக் கும்பிடு.

இவர் குளிக்கப் போனதும் சட்டையை முகர்ந்து பார்த்தேன். மெஷின் எண்ணெய் வாடை மட்டும்.

ஜூலை 9, புதன்

காய்ச்சல் இல்லை. வீக்கம் பாதி வடிந்தது. வாங்க: டயபர், ரவை, கொசுவர்த்தி.

அவள் முழுப் பெயரை எழுதப் பிடிக்கவில்லை. இனி சு.

அப்படி என்னதான் படிக்கிறாள், பார்த்துவிடலாம் என்று குட்டியை மடியில் போட்டுக்கொண்டு பிரித்தேன். பருப்பு தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன்.

ஜூலை 10, வியாழன்

மரகதம் புருஷனின் சட்டையை முகர்கிறாள்!

முகர்ந்துவிட்டு, மறுபடி துவைத்துப் போடுகிறாள். பள்ளிச் சுருக்கத்தில் இந்த இடமே இல்லை. வெட்டிவிட்டார்கள். பொறுமையாம்! வயிறெரிந்து கிடந்திருக்கிறாள் பாவி. எப்போதோ செத்துப்போன மீசைக்காரர், அவருக்கு இது எப்படித் தெரிந்தது? ஐயா, பள்ளியில் திட்டியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அதே இடத்தில், ஓரத்தில் பென்சில் கோடு. சு. போட்டது. எனக்கு முன்னால் இங்கேயும் வந்து நின்றிருக்கிறாள். அதுவும் பொறுக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

முடித்துவிட்டேன். அழுகை. குட்டி என் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரிக்கிறான்.

இவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "மரகதம் கடைசில என்ன ஆனா? நீதான் படிக்கறியே, சொல்லு. சுதா கேப்பா."

ஆக, இவர் படிக்கவே இல்லை!

"சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை அவங்கள இங்க வரச் சொல்லுங்க. நானே பேசிக்கறேன்."

"எதப் பத்தி?"

"மரகதத்தப் பத்தி."

முகம் மாறியதா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா?

ஞாயிற்றுக்கிழமைக்குப் பச்சைச் சுடிதாரை இஸ்திரிக்குப் போட வேண்டும்.