மேனேஜருக்கு இரண்டு வேளை மருந்து

ஜூன் 3, செவ்வாய்

மேனேஜர் இரண்டு நாளாகப் புல்லைத் தொடவில்லை. இடது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு, கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். டாக்டர் சின்னப் பெண். பல் வேரில் சீழ் என்றாள். இரண்டு மருந்து கொடுத்தாள். சீழுக்கானது கசப்பு, காலை எட்டு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும், ஊசி இல்லாத சிரிஞ்சால் கடைவாயில் விட வேண்டும். வலிக்கானது இனிப்பு, காலையில் மட்டும், அதுவே நக்கிவிடுமாம். பத்து நாள்.

"ஒரு வேளைகூட விட்டுடாதீங்க பாட்டி."

"நான் உனக்குப் பாட்டி இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் சூப்பர்வைசராக இருந்தவள். ஒரு வேளை விடுவது எனக்குப் பழக்கமில்லை" என்றேன்.

வந்ததும் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். காலைக்குச் சிவப்பு மை, மாலைக்கு நீலம்.

என் வீட்டுக்காரர் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து பதினொரு மேனேஜர்களுக்குக் கீழே வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின் ஒருநாள் இந்த முயலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "வேலை ஒண்ணும் செய்யாது, பல்லை மட்டும் நறநறன்னு கடிக்கும். மேனேஜர்னு பேர் வெச்சிட்டேன்" என்றார். வீட்டுக்குள் மிருகம் கூடாது என்றேன். சரி சரி என்று சொல்லியே உள்ளே கொண்டுபோய்விட்டார். அவர் போய் ஒன்பது மாதம் ஆகிறது. நேரத்துக்குக் கூண்டில் புல், தண்ணீர் வைக்கிறேன். ஆனால் மடியில் எடுத்ததில்லை. ஒரு நாளும்.

ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் ஒப்படைத்தது வேறு ஒன்றும் இல்லை. "மேனேஜரப் பாத்துக்கோ." அவ்வளவுதான் கேட்டார்.

ஜூன் 4, புதன்

காலை எட்டு. இனிப்பை நக்கியது. கசப்பு என்றதும் தலையைத் திருப்பிக்கொண்டது. பின்னங்காலால் ஓர் உதை. மருந்தில் பாதி என் கண்ணாடியில், மீதி முந்தானையில். சோபாவுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. நான் குனிய முடியாது. முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்பதை நிறுத்தி வருடம் மூன்றாகிறது. துடைப்பத்தை விட்டுத் தள்ளிப் பார்த்தேன். துடைப்பத்தைக் கடித்தது.

மாலை நான்கு. மேலே சொன்னதே.

எக்ஸ்சேஞ்சில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே நாற்பது பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒன்றரைக் கிலோ முயல் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

காலை: "கொடுத்தாயிற்று" என்று எழுத முடியாது. மருந்தைக் காட்டினேன், அவ்வளவுதான்.

ஜூன் 6, வெள்ளி

கேரட்டைத் துருவி அதில் கலந்து வைத்தேன். முகர்ந்தது. என்னைப் பார்த்தது. கிண்ணத்தை மூக்கால் கவிழ்த்தது.

பிடிக்கப் போனபோது முக்காலி சரிந்தது. கீழ் வீட்டுத் தையல்காரம்மா படியில் நின்று குரல் கொடுத்தாள். "என்னம்மா மேல, விழுந்துட்டீங்களா?"

"முக்காலி விழுந்தது."

"நான் வரட்டா?"

"முக்காலியைத் தூக்க எனக்குத் தெரியும்."

போய்விட்டாள். தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

மகன் போனில் பேசினான். "யார்கிட்டயாவது குடுத்துடுங்கம்மா. ஒரு முயலுக்குப் போய் இந்த வயசுல..."

"நீயும் மூன்று வயதில் மருந்தைத் துப்பிக்கொண்டுதான் இருந்தாய். உன்னை யாரிடமும் கொடுக்கவில்லையே" என்றேன். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டத்தில் ஆறு வேளைக்கு ஆறும் காலி. கட்டி பெரிதாகிறதோ? தொட்டுப் பார்க்கவும் விடமாட்டேன் என்கிறது.

ஜூன் 7, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் நடக்காமல் போய்விடுமா?

நான் படித்த கான்வென்ட் விடுதியில் நோய் அறைக்கென்று ஒரு சிஸ்டர் இருந்தார். மாதத்தின் முதல் சனிக்கிழமை எங்களுக்கு விளக்கெண்ணெய். வரிசையாக நிற்க வேண்டும். கையில் வெள்ளை எனாமல் கோப்பை. எவள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாளோ அவள் மூக்கை இரண்டு விரலால் பிடிப்பார். மூச்சுக்கு வாய் தானாகத் திறக்கும். எட்டு வருடத்தில் ஒருத்தியும் தப்பியதில்லை. முறை என்றால் அதுதான் முறை என்று இத்தனை காலமாக நினைத்திருந்தேன்.

இன்றும் முதல் சனிக்கிழமை. குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்தி, முக்காலியில் உட்கார்ந்து, மேனேஜரை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி, மூக்கைப் பிடித்தேன்.

வாய் திறக்கவில்லை. திறக்கும் திறக்கும் என்று காத்திருந்தேன். உதைத்தது. பிறகு உதைக்கவில்லை. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உதடு நீலம். ஐயோ, என்ன பண்ணிட்டேன், என்ன பண்ணிட்டேன்னு கத்திட்டேன். கையை எடுத்ததும் ஒரு நிமிஷம் அசைவில்லை. அப்புறம் வயிறு ஏறி இறங்கியது.

டாக்டர் பெண்ணுக்குப் போன் செய்தேன். "மூக்கையா புடிச்சீங்க? முயல் மூக்காலதாங்க மூச்சு விடும். வாயால விட வராது. இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சிருந்தா அவ்வளவுதான்."

பிறகு அவளே, "தெரியாமத்தானே செஞ்சீங்க" என்றாள்.

தெரியாமல் என்பது என் வேலையில் மன்னிப்பு இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

இரண்டு கட்டமும் காலி. பக்கத்தில் போகவே பயமாக இருக்கிறது. அதற்கா எனக்கா?

ஜூன் 9, திங்கள்

காலையில் படியிறங்கிப் போய்த் தையல்காரம்மாவின் கதவைத் தட்டினேன். பதினாறு படி. ஒவ்வொன்றிலும் நின்று திரும்பிவிடலாமா என்று யோசித்தேன்.

"ஒரு உதவி வேண்டும்" என்றேன்.

கத்தரியைக் கீழே வைத்தாள். "வாயத் தொறந்து கேக்க ஒன்பது மாசம் ஆச்சா உங்களுக்கு?"

கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன். அவள் ஒரு லைனிங் துணியை உதறி எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். மேனேஜரைச் சுற்றப் போகிறாள் என்று நினைத்தேன். துணியைத் தரையில் விரித்தாள்.

"உக்காருங்க."

"நானா?"

"பின்ன யாரு? சார் கீழ உக்காந்துதான் அத வெச்சிட்டு இருப்பாரு. பிளவுஸ் குடுக்க வர்றப்பல்லாம் பாத்திருக்கேன். நீங்க மேலருந்து கைய நீட்டுனா பருந்து வர்ற மாதிரி இருக்காதா அதுக்கு?"

"உட்கார்ந்தால் என்னால் எழ முடியாது."

"அதுக்குத்தானே நான் இருக்கேன்."

என் அக்குளில் கை கொடுத்து இறக்கிவிட்டாள். எழுபத்து நான்கு வயதில் மாவு மூட்டை மாதிரி இறங்கினேன். பிறகு அவள் வெளியே போய்க் கதவைச் சும்மா சாத்தினாள். இரண்டு பேர் இருந்தால் அது வராதாம். கால் மணி நேரத்தில் வந்து தூக்குகிறேன் என்றாள்.

தரையிலிருந்து பார்த்தால் இந்த அறை வேறு அறை. நாற்காலிக்கு அடியில் அவருடைய மூக்குப்பொடி டப்பா கிடந்தது. தினமும் பெருக்கும் அறைதான்.

பத்து நிமிடம் கழித்து மேனேஜர் சோபாவுக்கு அடியிலிருந்து வந்தது. என் கால் விரலை முகர்ந்தது. மடியில் முன்னங்காலை வைத்தது. ஏறிவிட்டது. கனமே இல்லை. எலும்புதான்.

சிரிஞ்சைக் கடைவாயில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முகத்தைச் சுளித்தது. விழுங்கியது.

சிவப்பு மையில் முதல் கட்டம்.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டு வேளையும். எட்டேகாலுக்கும் நான்கேகாலுக்கும் தையல்காரம்மா வந்து தூக்கிவிடுகிறாள். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. தாழ்ப்பாள் போடாத வீட்டில் உட்கார்ந்திருப்பது முதுகுப் பக்கம் காற்று படுவதுபோல இருக்கிறது.

ஜூன் 11, புதன்

இரண்டு வேளையும். ஆனால் நாளுக்கு நாள் பல்லை இறுக்கிக்கொள்கிறது. மடியில் வந்து ஏறிவிட்டுப் பிறகு இறுக்குகிறது. அதுதான் தாங்கவில்லை. வராமல் இருந்தால் பரவாயில்லை.

போன வருட நாட்குறிப்பை எடுத்தேன். அவருடைய மருந்துக் கட்டம் அதில் இருக்கிறது. ஐம்பத்திரண்டு நாள், நாளைக்கு ஐந்து வேளை. ஒன்றுகூடக் காலி இல்லை. பெரிய டாக்டர் நர்ஸுகளைக் கூப்பிட்டு, "பாருங்க, இப்படி இருக்கணும்" என்று காட்டினார். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை.

செப்டம்பர் 19-இல் "காலை எட்டு: கொடுத்தாயிற்று" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

எழுதாததை இன்று எழுதுகிறேன். வாயை மூடிக்கொண்டார். "இன்னைக்கு ஒரு நாள் விட்டுடேன்" என்றார். நான் அவர் மூக்கைப் பிடித்தேன். ஆமாம். கட்டின புருஷன் மூக்கப் புடிச்சேன், இந்தக் கையால. வாய் திறந்தது. விழுங்கினார். என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

அந்த ஒரு வேளையில் என்ன மாறியிருக்கும்? யாருக்குக் கொடுத்தேன் — அவருக்கா, கட்டத்துக்கா?

ஜூன் 13, வெள்ளி

பத்து நாள் முடிந்தது. டாக்டர் பெண்ணிடம் கட்டத்தை நீட்டினேன். முதல் பத்து வேளை காலி என்று நானே சொன்னேன். அவள் கட்டத்தைப் பார்க்கவில்லை, கட்டியைப் பார்த்தாள். எலும்பு வரைக்கும் போயிருக்கிறதாம்.

"நான் முதல் நாளிலிருந்தே சரியாகக் கொடுத்திருந்தால்?"

"அப்பவே உள்ள போயிருந்துச்சு. உங்களால இல்ல. கசப்பு மருந்த இன்னும் மூணு வாரம் குடுத்துப் பாக்கலாம், பெருசா மாறும்னு சொல்ல மாட்டேன். ஆபரேஷன இந்த வயசுல தாங்காது. இல்லன்னா வலி மருந்து மட்டும் குடுத்து, அதோட போக்குல விடலாம்."

"நீ என்ன செய்வாய்?" என்று கேட்டேன். முப்பத்தோரு வருடத்தில் இப்படி யாரையும் கேட்டதில்லை.

அவள் மேனேஜரின் காதைத் தடவிக்கொண்டே சொன்னாள். "தெரியல பாட்டி."

பாட்டி என்றதை நான் திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்து இருபத்தொரு நாளைக்குக் கட்டம் போட்டேன். வேறென்ன செய்ய? கை அதைத்தான் செய்கிறது.

ஜூன் 14, சனி

காலை எட்டு. தரையில் உட்கார்ந்தேன். வந்தது, ஏறியது. இனிப்பை நக்கியது. கசப்பு சிரிஞ்சை எடுத்தேன். பல்லை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

சிரிஞ்சைக் கீழே வைத்தேன். காதுக்குப் பின்னால் அவர் தடவுவது மாதிரி தடவினேன். எங்கே தடவுவார் என்று சரியாகத் தெரியவில்லை, இத்தனை நாள் ஒழுங்காகப் பார்த்திருக்கிறேனா? பல்லை மெதுவாக அரைக்க ஆரம்பித்தது. நறநறவென்று. அவர் சொன்ன சத்தம்.

எட்டேகாலுக்குத் தையல்காரம்மா வந்தாள். "தூக்கட்டாம்மா?"

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன்.

கட்டத்தில் இன்றைய இடம் காலி. விட்டுப்போகவில்லை. விட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

இனிப்பு மருந்தை நக்கியது. கொத்தமல்லி மூன்று இலை.

ஜூன் 20, வெள்ளி

ஓர் இலை. இரண்டு மணி நேரம் மடியில் இருந்தது. தையல்காரம்மா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள். கால் மரத்துவிட்டது. மரக்கட்டும்.

ஜூன் 27, வெள்ளி

கூண்டைக் கழுவி வெயிலில் வைத்தேன். மீதி இருந்த புல்லை டாக்டர் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசல்வரை வந்து, "பாத்துப் போங்க பாட்டி" என்றாள். சரி என்றேன்.

மாலை நான்கேகால். தாழ்ப்பாள் போட மறந்திருந்தேன் — இல்லை, அது பொய். போடவில்லை.

தையல்காரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கூண்டு இருந்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்குத் தூக்கிவிட ஒண்ணுமில்ல போல."

"இல்லை."

"அப்ப போகட்டாம்மா?"

"உட்காரு" என்றேன்.

எதிரே காலி நாற்காலி இருந்தது. அவள் தரையில், லைனிங் துணி விரித்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.