லைன் போய்விட்டது என்று சொன்னேன்

கிள்ளான், வியாழன் இரவு

இன்று அப்பா என்னை இண்டர்நெட் கம்பெனியின் கடைக்கு அழைத்துக்கொண்டு போனார். கவுண்டரில் ஒரு தமிழ் அக்கா இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும்.

"உங்க லைனால என் பிள்ளையோட இன்டர்வியூ போச்சு. சபா யூனிவர்சிட்டிலா! மறுபடி கிடைக்குமா?"

அப்பா போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆன்லைன் இன்டர்வியூ நடந்த அன்று லைன் நன்றாகத்தான் இருந்தது. வீட்டை விட்டு இவ்வளவு தூரம், கடல் தாண்டி சபாவுக்கு ஏன் வர நினைக்கிறாய் என்று திரையில் இருந்த பேராசிரியர் மலாயில் கேட்டார். எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவர் காத்திருந்தார். நானே அழைப்பைத் துண்டித்துவிட்டு, லைன் போய்விட்டது என்று அப்பாவிடம் சொன்னேன்.

அந்த அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சோரி அங்கிள்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சோரிம்மா," என்றார்.

"பரவால்லக்கா," என்றேன். நான் அவரை மன்னித்தேன்!

காலையில் அப்பாவே யூனிவர்சிட்டிக்குக் கால் பண்ணிப் பேசப் போகிறாராம். ஹாலில் உட்கார்ந்து சொல்லிப் பார்க்கிறார். "அனாக் சாயா தக் சாலா, துவான்." என் பிள்ளைமேல் தப்பில்லை, ஐயா.

எழுந்து போனேன். "அப்பா, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"நான் பேசிக்கிறேன்லா. நீ போய்ப் படும்மா," என்றார்.

வந்துவிட்டேன். அவர் இன்னும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.