விடாத கை

பிப்ரவரி 11, 2024

பனி விலகவே நேரமாகிவிட்டது. மேல்காட்டில் மிளகு நன்றாகப் பழுத்திருக்கிறது. நாளை கூட்டாளி சின்னராசுவோடு பறிப்பு. எங்கள் மூங்கில் ஏணி உளுத்துப் போனதால் தோட்டக்காரர் அலுமினிய ஏணி தருகிறாராம். தூக்க லேசாக இருக்கும்.

மார்ச் 19

இடது கையால் எழுதுகிறேன். கோணல்.

பறிப்பு அன்று ஏணியை அடுத்த மரத்துக்கு நகர்த்தும்போது அதன் உச்சி மின்கம்பியில் பட்டது. சின்னராசுதான் காய்ந்த மூங்கில் கழியால் என்னை அடித்துப் பிரித்திருக்கிறான். உள்ளங்கையில் ஒரு கருப்புப் பொட்டு, குதிகாலில் ஒரு ஓட்டை. வெளியே தெரிந்தது அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. கரண்ட் உள்ளே சதையைச் சுட்டுவிட்டது என்றார் டாக்டர். வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 27

கை இல்லை. ஆனால் இருக்கிறது. இறுக்கி மூடிய முட்டியாக. நகம் உள்ளங்கையில் குத்துகிறது. விரிக்கப் பார்க்கிறேன் – மாட்டேன் என்கிறது. இன்னும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 2

சின்னராசு வந்தான். வைத்த சோற்றைத் தொடவில்லை. "உடுறா உடுறான்னு கத்துனன் யுவராஜு. நீ இன்னும் இறுக்கிப் புடிச்சியேடா" என்று அழுதான்.

அவன் கத்தியது எனக்குக் கேட்டது. நானும் விடத்தானே பார்த்தேன்? பார்த்தேனா?

ஏப்ரல் 3

பார்த்தேனா?

ஏப்ரல் 14

வருசப் பிறப்பு. சுமதி கட்டை அவிழ்த்துத் துடைக்க வந்தாள். "தொடாதடி, உனக்கும் அடிக்கும்!" என்று கத்திவிட்டேன். பட்டப்பகலில், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது. என்ன மனுசன் நான்.

அவள் எழுந்து போகவில்லை. "கரண்டு எப்பவோ போயிருச்சுங்க" என்றாள். கட்டின பெண்டாட்டி கை பட்டால் உடம்பு தூக்கிப் போடுகிறது.

மே 8

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற பிரிசில்லாவிடம் சுமதிதான் எல்லாம் சொன்னாள். நான் தலை நிமிரவில்லை.

"கரண்ட் பாஞ்சா கையை மூடுற தசையும் திறக்குற தசையும் ஒண்ணா இழுக்கும். மூடுறதுக்குத்தான் வலு ஜாஸ்தி. விடுன்னு நீங்க நினைச்சிருப்பீங்க அண்ணா. கை கேட்டிருக்காது."

மேசை மேல் ஒரு கண்ணாடியை நிறுத்தினார். வெட்டிய கை அதன் பின்னால். இடது கை முன்னால். கண்ணாடியில் பார்த்தால் எனக்கு இரண்டு கை.

"ரெண்டையும் இறுக்குங்க. இப்ப மெதுவா விரிங்க."

விரிந்தது. ஒவ்வொரு விரலாக. சுமதி என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள், எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

திரும்பும்போது, பஸ் காளப்பநாயக்கன்பட்டி தாண்டுமுன்பே மறுபடி மூடிக்கொண்டது.

மே 23

அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு தினமும் செய்கிறேன். சில நாள் விரிகிறது. சில நாள் இல்லை.

ஜூன் 16

வலி இல்லை. முட்டியும் இல்லை. எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தேன்.

குளிருக்கு முழுக்கைச் சட்டை போட்டேன். வலது பக்கம் சும்மா தொங்கியது. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. வெட்டிய அன்றுகூட அழாதவன், தேம்பித் தேம்பி அழுதேன். சுமதி தடுக்கவில்லை. தொங்கிய துணியை மடித்து ஊக்கு குத்தினாள்.

"எல்லாச் சட்டையும் இப்படியே தச்சிரட்டுங்களா?"

"தச்சிரு" என்றேன்.