ஏழாவது கிணறு

என் கையில் இன்னும் பினாயில் வாடை போகவில்லை. இன்று காலையில் கடலாடி மாட்டாஸ்பத்திரிக்கு ஒரு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனேன். கம்பவுண்டர் சிரித்தார். "மாடு, கன்னுன்னு கொண்டாருவாக. நாட்டு நாய்க்கு ஊசி போட வந்த மொத ஆளு நீங்கதான் தம்பி." டாக்டர் சிரிக்கவில்லை. குடற்பூச்சிக்கு மருந்து கொடுத்தார். உண்ணியைத் தினமும் பார்த்து எடுக்கச் சொன்னார். வெறிநோய் வராமலிருக்க ஊசி போட்டார். வலியில் குட்டி எச்சில் ஒழுக, நான் அதன் வாயைப் பிளந்து பார்க்கப் போனேன். "வாய்க்குள்ள கைய விடாதீங்க" என்று என் கையைத் தட்டிவிட்டார்.

அந்த அடி உன் கையில் விழுந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூட நாளில் நீ வளர்த்த குட்டிக்கும் அப்படித்தான் ஒழுகியது. தாடை தொங்கிப்போய், கஞ்சியை விழுங்க முடியாமல் நின்றது. "மீன்முள்ளு சிக்கியிருக்குலே, தலையப் புடி" என்றாய். நான் பிடித்தேன். நீ விரலை விட்டுத் துழாவினாய். முள் இல்லை. பல் கீறி உன் கட்டைவிரலில் ரத்தம். இரண்டாம் நாள் குட்டி செத்தது. வெறி என்றார்கள்.

ஏழு கிணறு எட்டிப் பார்த்தால் விஷம் இறங்கும் என்று உன் அம்மா அழுதது. உங்கள் தெருக் கிணறு ஒன்று. பக்கத்துக் குடியிருப்புகளில் நான்கு. மரைக்காயர் தோட்டத்தில் அந்த வீட்டம்மா, "வந்து பாத்துட்டுப் போ வாப்பா, அல்லா காப்பாத்துவான்" என்றார்கள். ஆறு. வெயிலில் அலைந்து நான்கு நாள் போய்விட்டது. ஏழாவதுக்கு எங்கள் தெருக் கிணறுதான் இருந்தது.

எனக்குக் கிணற்றில் நம்பிக்கை கிடையாது. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடுவார்கள் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். ஆனால் எங்கள் அய்யா, "அவன் நெழலு எங் கெணத்துல விழுகக் கூடாது" என்று சொன்னதும் எனக்கு ஊசி மறந்துவிட்டது. கிணறு மட்டும்தான் தெரிந்தது. மூன்று நாள் வீட்டில் சாப்பிடாமல் சண்டை போட்டேன். நான் ஜெயித்தேன்.

பள்ளிக்கூடத்தில் என்னை "ஏலே" என்பாய், எங்கள் தெருவில் "நீங்க" என்பாய். அன்று கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, தெரு கேட்கவே சொன்னாய்: "ஏலே, ஒங்க தண்ணியிலயும் எம் மூஞ்சி கறுப்பாத்தான்லே தெரியுது!" இரண்டு பேரும் சிரித்தோம். மறுநாள் கிணற்றில் மஞ்சள் கரைத்து ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். அதற்கும் சண்டைக்குப் போனேன். "ஊசி?" என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "அதான் ஏழும் பாத்தாச்சே" என்றாய். நானும் விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, தண்ணீர்ச் செம்பைக் கண்டு நீ அலறினாய். மூன்றாம் நாள் நீ இல்லை.

அய்யா என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "நான் கடைசிவரை அவன கெணத்துப் பக்கம் விடாம இருந்திருந்தா, நீ அவன ஊசிக்குல்ல கூட்டிட்டுப் போயிருப்ப." அவரை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்க முடியவில்லை. அது உண்மையா? அந்தக் கிணறு எல்லாருக்கும் பொதுவாக இருந்திருந்தால் அந்த நான்காம் நாளே ஏழும் முடிந்திருக்கும். அப்போது நான் உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பேனா? நான் உனக்காகச் சண்டை போட்டேனா, அய்யாவோடு சண்டை போட உன்னை வைத்துக்கொண்டேனா? வருஷங்கள் ஆகின்றன. விளங்கவில்லை. அன்று உன் குட்டியின் தலையைப் பிடித்த கைதான் இதை எழுதுகிறது.

இன்று மத்தியானம் எங்கள் தெருக் கிணற்றடித் தொட்டியில் இந்தக் குட்டி வாய் வைத்துத் தண்ணீர் குடித்தது. யாரும் விரட்டவில்லை. உன் அம்மா குடத்தோடு தள்ளி நின்றது, யாராவது ஊற்றுவார்கள் என்று. இறைத்து ஊற்றினேன். குடம் நிறைகிறவரை அது குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஊசி போட்டாச்சாய்யா?"

"போட்டாச்சு ஆத்தா."