லண்டன் போகாத அக்காவுக்கு

அக்கா,

உன் நினைவாக அடித்த கல்வெட்டுப் புத்தகத்தில் இன்னும் அச்சு மை மணக்கிறது. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். மிஞ்சிய பிரதிகள் என் மேசையில் கட்டாகக் கிடக்கின்றன. செத்தவர்களை எல்லாம் ஒரே இரவில் உத்தமராக்கிவிடும் இந்தச் சின்னப் புத்தகத்தைப் பார்த்து நீ எவ்வளவு சிரித்திருக்கிறாய். இப்போது அட்டையில் நீயே சிரிக்கிறாய். உள்ளே இருக்கும் ஒரு வரிக்காக நான் இனசனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

வாழ்க்கை வரலாற்றை எழுதியது ரொறொன்ரோவில் இருக்கும் நம் சித்தப்பாவின் மகன். "இளமையில் சில காலம் லண்டனில் வசித்தார்" என்று எழுதி அனுப்பியிருந்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. நீ கட்டுநாயக்கா விமான நிலையத்தின் வாசலைக்கூட மிதிக்காதவள்.

அது அம்மா கட்டிய கதை. படிப்பு முடித்த வருடம் உனக்குத் தூக்கம் போனது. யாரோ காதுக்குள் பேசுகிறார்கள் என்று சுவரோடு சண்டை பிடித்தாய். மனநோய் ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்துவிட்டு வந்த அன்றே, நீ லண்டனுக்குப் படிக்கப் போய்விட்டாய் என்று அம்மா வெள்ளவத்தை முழுக்கச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, சாப்பாடு கட்டிக்கொண்டு உன்னைப் பார்க்க வருவோம். பக்கத்து வீட்டு மாமி தன் மகன் லண்டன் போகிறான், உன்னிடம் தங்கட்டும் என்று விலாசம் கேட்டார். நீ வீடு மாறுகிறாய், மறுபடி மாறுகிறாய் என்று சொல்லியே அப்பா காலத்தை ஓட்டினார்.

சுகமாகி நீ வீடு வந்த அன்று அம்மா காலி வீதிக் கடையில் வெளிநாட்டுச் சொக்லேட் வாங்கி வந்து, மாமிக்குக் கொடு என்று உன் கையில் திணித்தார். நீ கொடுத்தாய். கொடுத்துவிட்டு, "இது சந்திக் கடையிலை வாங்கினது மாமி. நான் லண்டனிலை இருக்கேல்லை, விசராஸ்பத்திரியிலை இருந்தனான். இப்ப சுகம். சாப்பிடுங்கோ" என்றாய். மாமி அதை வாயிலும் போடாமல் கீழேயும் வைக்காமல் கையில் பிடித்தபடி இருந்தார். அம்மா உன்னோடு பல நாள் கதைக்கவில்லை. எனக்கும் அன்று உன் மேல் கோபம்தான்.

அந்த ஆஸ்பத்திரியின் கதையை நீதான் எனக்குச் சொன்னாய். வெள்ளைக்காரன் காலத்தில் நகரத்துக்குள் இருந்ததை, கண்ணில் படக்கூடாது என்று வெளியே கொண்டுபோய் மதில் எழுப்பிக் கட்டினார்களாம். பிறகு நகரம் வளர்ந்து வளர்ந்து அந்த மதிலடிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்லி ரசிப்பாய். பெயர்ப்பலகையை மாற்றினார்கள், புதிய வார்டுகள் கட்டினார்கள். ஆனால் ஆஸ்பத்திரி இருக்கும் அந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை ஏசுவதை மட்டும் நம் ஆட்கள் விடவில்லை.

நீயோ மாதா மாதம் அங்கே கிளினிக்குக்குப் போனாய். ஊசி போட்டதும் திரும்பி வராமல், வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து சிங்களம் தெரியாமல் தவித்த பெண்களுக்காக டொக்டரோடு கதைத்தாய். ஒரு முறை நானும் கூட வந்திருந்தேன். தோட்டத்துப் பெண் ஒருத்தி, தன் குழந்தை இறந்ததை உன் வாய் வழியாகத்தான் டொக்டருக்குச் சொல்ல முடிந்தது. சொல்லி முடிக்கும் வரை உன் கையை அவள் விடவில்லை. அன்றோடு உன் மேல் இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது.

"வருத்தம் வந்தா ஆஸ்பத்திரிக்குப் போறது. இதிலை ஒளிக்க என்ன கிடக்கு?" என்று கேட்பாய்.

லண்டனை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியைப் போடு என்று ரொறொன்ரோத் தம்பிக்குப் போனில் சொன்னேன். "அக்கா, உங்கடை மகளுக்குக் கலியாணம் பேசுறம். உந்தக் கதையை அச்சடிச்சா ஆர் வருவினம்?" என்றான். நியாயமான பயம்தான், எனக்கும் இருந்தது. பக்கத்தில் இருந்த என் மகள் போனை வாங்கி, "வராதவை வராமலே இருக்கட்டும் மாமா" என்று சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தாள். நான் அச்சகத்துக்குப் போய், மனநோய்க்கு ஆஸ்பத்திரியில் இருந்து சுகமானாய் என்றும், பின்பு அங்கேயே நோயாளருக்காக மொழிபெயர்த்தாய் என்றும் போடவைத்தேன். திருத்தி முடியும் வரை அங்கேயே குந்தியிருந்தேன்.

இன்று எல்லாரும் வாசித்தார்கள். சிலர் உடனே மூடிவைத்தார்கள். ஒருத்தி, செத்தவளை இப்படிச் சந்தி சிரிக்க வைக்கலாமா என்று என் காதில் விழும்படி கேட்டாள். உயிரோடு இருந்தபோது அவளே சொன்னதுதான் என்றேன்.

கை கழுவும் இடத்தில் ஹெவ்லொக் டவுன் பெரியப்பா என்னருகே வந்து நின்றார். ஒரே மகனை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று பல வருடமாகச் சொல்லி வருபவர். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள், "பிள்ளை, அந்தக் கிளினிக் என்ன கிழமை?" என்று கேட்டார்.

அவர் மகன் இப்போது எங்கே என்று கேட்டேன். "வீட்டிலைதான். மேல் அறையிலை."

உன் துணிச்சலில் பாதிகூட என்னிடம் இல்லை, அக்கா. இருப்பது போதும் என்று இன்று தெரிந்துகொண்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் போகிறோம். ஓட்டோ பிடித்தால் ஆட்கள் பார்க்கமாட்டார்கள் என்றார் பெரியப்பா. பின்னேரம் திரும்பவும் போன் எடுத்தார். மகன் பஸ்ஸிலேயே போவோம் என்கிறானாம், யன்னல் பக்கம் இருக்கவேண்டுமாம்.