ஞாயிற்றுக்கிழமை மேலே போகும் போர்வை

என் ராசாவுக்கு,

உன் சிறை ஜன்னல் கிழக்குப் பார்த்தது என்று வக்கீல் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரைக்கு அங்கே முழுநிலா எழும். பத்து நிமிஷத்தில் அதற்கு இடப்பக்கம் ஒரு நெருப்புக்கோடு ஏறும். எங்கள் ராக்கெட்தான்.

அதில் போகிற செயற்கைக்கோளுக்குக் குளிர் தாங்கும் போர்வையை நான்தான் தைத்தேன். கைப்பழக்கத்தில் ஓரத்தை இரண்டாக மடித்துவிட்டேன். துளி எடை கூடினாலும் ஆகாது. "புள்ளைக்குத் தைக்கிற நெனப்பாக்கா?" என்று மேற்பார்வையாளர் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன்.

உனக்குக் கொண்டுவந்த போர்வையை வாசல் காவலர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "வெளிப் பொருள உள்ள விடமாட்டோம்மா."

கேட்பவர்களிடம் உனக்கு வெளியூரில் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

மறக்காமல் பார். மேலே கடுங்குளிராம். அதையாவது போர்த்தி அனுப்பியிருக்கிறேன்.

உன் அம்மா