பச்சை பெயிண்ட்

நவம்பர் 2006, வெள்ளி.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பல்லாவரத்தில் எங்கள் ஷூ கம்பெனியில் ஒரு மாதமாக மெஷின்களை ஓட்டும் காற்றழுத்தம் தங்குவதே இல்லை. கம்ப்ரெஸர் ஓயாமல் ஓடுகிறது. முதலாளி இன்னொன்று வாங்கலாம் என்கிறார். இன்று காற்று டேங்க்கைத் தட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் தண்ணீர்! அப்புறம் காற்று எங்கே போய் நிற்கும்? காற்றின் ஈரத்தால் டேங்க்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்து வடிக்க வேண்டிய அடி வால்வு, ஆயுத பூஜைக்கு ஆபரேட்டர் செல்வம் அடித்த பச்சை பெயிண்டில் ஒட்டிக் கிடந்தது. சுரண்டித் திறந்ததும் துருத் தண்ணீர் கொட்டியது. அதன்பின் அழுத்தம் இறங்கவில்லை, கம்ப்ரெஸரும் மூச்சு விட்டது. முதலாளியிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால், வால்வடியில் பிரஷ்ஷோடு செல்வம்.

"சொரண்டுன எடம் அசிங்கமா கீது சார். அதான் டச்சப் பண்ட்டேன்."